வெளிநாட்டு நேம்பிளேட்டில் திறனைப் படிப்பது எப்படி: சொல், எண், அலகு, அப்புறம் கேள்வி

மின்கருவியின் விவரங்களை அச்சிட்டு அதன்மேல் ஒட்டியிருக்கும் தகடுதான் நேம்பிளேட். தெரியாத மொழியில் அச்சான ஒரு நேம்பிளேட்டைக் காட்டினால், புதியவர்களின் கண் நேராக எண்ணுக்குத்தான் போகிறது. மொழி புரியாது, எண் புரியும் என்ற நம்பிக்கை. தவறு அங்கேதான் தொடங்குகிறது. 1.500 என்பது ஒன்றரையா, ஆயிரத்து ஐந்நூறா? அது கருவி இழுக்கும் மின்சாரமா, கொடுக்கும் வேலையா? வாட்டா, குதிரைத்திறனா? இவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வருவார்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த காலம் முழுவதும் நான் பார்த்தது இதைத்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் எண் பின்னால்தான் வரும். வரிசையை மாற்றாமல் ஒருமுறை செய்து பாருங்கள். மொழி தெரியாமலேயே பெரும்பாலான நேம்பிளேட்டுகளைப் படித்துவிடலாம்.

1. தொடங்குமுன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘பவர்’ என்கிறோம், அல்லது ‘சக்தி’ என்கிறோம். இங்கே அது உதவாது. தள்ளுவதும் இழுப்பதும் விசை. மொத்தமாகச் செலவாவது ஆற்றல். அந்த ஆற்றல் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பது திறன். குழாயில் நீர் வரும் வேகம் திறன் என்றால், வாளியில் சேர்ந்த நீர் ஆற்றல்.

திறனின் அலகு வாட். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் செலவானால் ஒரு வாட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட்-மணி. பேச்சில் நாம் ‘யூனிட்’ என்று சொல்வது இதைத்தான். சீன மொழியிலும் இதற்கு ‘தூ’ என்று ஒரு பேச்சுச் சொல் இருக்கிறது.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அகராதியில் ‘பவர்’ என்று தேடுகிறவருக்குத் தவறான சொல்தான் கிடைக்கும். ஜெர்மனில் ‘மாஹ்ட்’ வரும், அது அதிகாரம். பிரெஞ்சில் ‘பூவ்வார்’, ஸ்பானிஷில் ‘பொதேர்’ வரும், அவையும் ஆளுகிற அதிகாரத்தைச் சேர்ந்தவை. நேம்பிளேட்டில் இவை ஒருநாளும் இருக்காது. தேடும்போது ‘மின்திறன்’ என்ற பொருளில் தேடுங்கள்.

கையில் ஒரு தாள், பேனா, படமெடுக்கவும் கணக்குப் போடவும் போன். இவ்வளவு போதும். படத்தை முழு நேம்பிளேட்டும் தெரியும்படி எடுங்கள். எண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

2. எண்ணுக்கு முன்னால் உள்ள சொல்லைப் படியுங்கள்

இரண்டே சொற்கள் தெரிந்தால் போதும்: திறன், மின்னழுத்தம். ஜெர்மனில் லைஸ்டுங், ஷ்பானுங். பிரெஞ்சில் புயிசான்ஸ், தான்சியோன். ஸ்பானிஷில் பொதென்சியா, தென்சியோன். இத்தாலியனில் பொதென்ட்ஸா, தென்சியோனே. ரஷ்யனில் மோஷ்னஸ்த், நப்ரியஷேனியே. ஜப்பானியத்தில் டென்ரியோகு, டென்அட்சு. சீனத்தில் குங்லூ, தியென்யா.

‘டென்ஷன்’ என்று நாம் மனநிலைக்குச் சொல்லும் அதே சொல்தான் பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய நேம்பிளேட்டுகளில் மின்னழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் ‘ஷ்பானுங்’குக்கும் மூலப்பொருள் இழுவிசைதான். ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் மறக்காது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘வோல்தாஹே’ என்றும் போட்டிருப்பார்கள்.

திறனுக்கான சொல்லோடு இன்னொரு துண்டு ஒட்டியிருந்தால், அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஜெர்மனில் முன்னால் ‘நென்’, ஜப்பானியத்தில் ‘தெய்காகு’, சீனத்தில் ‘எதிங்’ என்று வந்தால், தயாரிப்பாளர் உறுதிசொல்லும் மதிப்பு என்று பொருள். உங்களுக்கு வேண்டியது அதுதான். அதிகபட்சம் என்ற பொருளில் ‘மாக்ஸ்’ என்று இருந்தால் அது சிறிது நேரத்துக்கு மட்டும் எட்டும் உச்சம். ஒலிபெருக்கிகளில் ‘பி-எம்-பி-ஓ’ என்று கணநேர உச்சமாக அச்சிடும் ஆயிரக்கணக்கான வாட்டுகளை அடியோடு விட்டுவிடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய திறனாக ‘ஆர்-எம்-எஸ்’ என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. உள்ளே போவதா, வெளியே வருவதா?

நீண்ட நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒரே நேம்பிளேட்டில் இரண்டு திறன்கள் இருப்பது வழக்கம். கருவி மின்கம்பியிலிருந்து இழுப்பது ஒன்று, வேலையாகக் கொடுப்பது இன்னொன்று. எந்த ஒயர், எந்த ஃபியூஸ், எவ்வளவு கட்டணம் என்பதை முதலாவது முடிவு செய்யும். வேலைக்கு அந்தக் கருவி போதுமா என்பதை இரண்டாவது முடிவு செய்யும். இரண்டையும் மாற்றிப் படித்தால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

ஜெர்மனில் ‘லைஸ்டுங்ஸ்அவுஃப்நாமெ’ என்றால் உள்ளே எடுப்பது. ‘அப்காபெ’ என்று வந்தால் வெளியே தருவது. பிரெஞ்சில் ‘அப்சோர்பே’, ஸ்பானிஷில் ‘அப்சோர்பிதா’, இத்தாலியனில் ‘அசோர்பித்தா’ மூன்றும் உறிஞ்சுவதைக் குறிக்கும். ஜப்பானியத்தில் ‘ஷோஹி டென்ரியோகு’ என்றால் செலவாகும் மின்திறன், ‘ஷுட்சுரியோகு’ என்றால் வெளியீடு. பம்பு, மோட்டார் வகைகளில் சொல்லே இல்லாமல் பி1, பி2 (P1, P2) என்று இருக்கும். பி1 உள்ளே போவது, பி2 தண்டில் கிடைப்பது.

மைக்ரோவேவ் அடுப்பு நல்ல எடுத்துக்காட்டு. வெளியீடு 600 வாட் என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும். பின்பக்க நேம்பிளேட்டைப் பார்த்தால் அது இழுப்பது 1000 வாட்டை ஒட்டி இருக்கும். முன்பக்க எண்ணை வைத்துக்கொண்டு அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னொரு கருவியையும் செருகுவார்கள், போர்டு சூடாகும்.

குளிர்சாதனத்தில் நிலைமை தலைகீழ். அது வெளியே கொண்டுபோகும் வெப்பம், இழுக்கும் மின்சாரத்தைவிடப் பெரிய எண்ணாக இருக்கும். 3500 வாட் குளிரூட்டும் திறன் என்பதை 3500 வாட் மின்செலவு என்று படித்துப் பயந்தவர்கள் உண்டு. குளிர்சாதனம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது. நகர்த்துவதற்குக் குறைந்த ஆற்றல் போதும்.

4. எண்ணில் உள்ள புள்ளியையும் காற்புள்ளியையும் சந்தேகியுங்கள்

இப்போதுதான் எண்ணுக்கு வருகிறோம். ஜெர்மன், இத்தாலிய அச்சில் காற்புள்ளிதான் தசமக் குறி, புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். 1,5 கிலோவாட் என்றால் ஒன்றரைக் கிலோவாட். 1.500 வாட் என்றால் ஆயிரத்து ஐந்நூறு வாட். பிரெஞ்சிலும் ரஷ்யனிலும் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. சுவிட்சர்லாந்தில் 1'500 என்று மேலே ஒரு சிறு கோடு. ஜப்பானும் சீனாவும் நம்மைப் போலப் புள்ளியையே தசமமாக எழுதும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் ஒரே வழக்கம் இல்லை: ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி, மெக்சிகோவில் புள்ளி.

விதி மறந்துபோனால் அறிவைக் கொண்டு சோதியுங்கள். நீர் சூடாக்கும் கெட்டில் ஒன்றரை வாட்டில் ஓடாது. சுவர் கடிகாரம் ஆயிரத்து ஐந்நூறு வாட் தின்னாது.

5. அலகை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பது இங்கே உயிர்நாடி. டபிள்யூவுக்கு முன்னால் சிறிய எம் வந்தால் மில்லிவாட், பெரிய எம் வந்தால் மெகாவாட். இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வித்தியாசம். போனில் தட்டச்சு செய்யும்போது முதலெழுத்து தானாகப் பெரிதாகிவிடும், திருத்தாமல் அனுப்பாதீர்கள்.

கேடபிள்யூவுக்குப் பின்னால் எச் ஒட்டியிருந்தால் அது ஆற்றல், திறன் இல்லை. நடுவில் சாய்கோடு போட்டு ‘கிலோவாட்/மணி’ என்று எழுதுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. சாய்கோடு வகுத்தலைக் குறிக்கும். இங்கே நடப்பது பெருக்கல்.

வி, ஏ என்று இரண்டு பெரிய எழுத்துகள் சேர்ந்து வந்தால் வோல்ட்-ஆம்பியர். இதை வாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திறன் காரணி என்ற, ஒன்றுக்கு மேற்போகாத ஒரு எண்ணால் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். 1000 வோல்ட்-ஆம்பியர் யூபிஎஸ், அதன் திறன் காரணி 0.6 என்றால், 600 வாட்தான் தாங்கும். வாங்கும்போது இரண்டு எண்களையும் பாருங்கள்.

பவர்பேங்கில் மில்லிஆம்பியர்-மணி இருக்கும். அது திறனும் இல்லை, ஆற்றலும் இல்லை. மின்கல அழுத்தத்தால் பெருக்க வேண்டும்: 10,000 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் 37 வாட்-மணி. பயணத்துக்கு முன் இந்தக் கணக்கு வேண்டும். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் லித்தியம் மின்கலங்களுக்கு 100 வாட்-மணிதான் பொதுவான எல்லை. அதற்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை.

ரஷ்ய நேம்பிளேட்டில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. வாட் என்பது ஆங்கிலப் பெரிய ‘பி’யும் (B) சிறிதாக்கிய ‘டி’யும் (T) போலத் தெரியும். வெறும் ‘பி’ மட்டும் இருந்தால் அது வோல்ட். அந்த எழுத்தின் ஒலி ‘வ’. தெரியாதவர்கள் ஏதோ புதிய அலகு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

6. குதிரைகளை எண்ணும்போது எந்த நாட்டுக் குதிரை என்று கேளுங்கள்

குதிரைத்திறன் ஒன்று இல்லை, பல. ஆங்கிலம் பேசும் நாடுகளின் எச்பி என்பது ஏறத்தாழ 745.7 வாட். மோட்டார்களுக்கு 746 என்று வைத்துக்கொள்வார்கள். ஐரோப்பாவின் மெட்ரிக் குதிரை 735.5 வாட். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன் அது. வித்தியாசம் ஒன்றரை விழுக்காட்டுக்குள்தான். ஆனாலும் 100 கிலோவாட் எஞ்சின் ஒரு தாளில் 136 என்றும் இன்னொரு தாளில் 134 என்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டும் சரி, ஏமாற்று எதுவும் இல்லை.

மெட்ரிக் குதிரைக்கு ஊருக்கொரு சுருக்கம். ஜெர்மனில் பிஎஸ், பிரெஞ்சில் சிஎச், இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் சிவி, டச்சில் பிகே, ஸ்வீடிஷில் எச்கே, போலிஷில் கேஎம், ஹங்கேரியனில் எல்இ. எல்லாமே அந்தந்த மொழியில் ‘குதிரை’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. போலிஷ் சுருக்கத்தைப் பார்த்துக் கிலோமீட்டர் என்று நினைத்துவிட வேண்டாம்.

பெரிய குழி பிரெஞ்சில் இருக்கிறது. அங்கே சிஎச் என்பதுதான் உண்மையான திறன். பெரிய எழுத்தில் சிவி என்று இருந்தால், அது வாகன வரிக்காகக் கணக்கிடும் ‘வரிக் குதிரை’. சித்ரோயன் 2சிவி என்ற காரின் பெயரில் உள்ள 2 இந்த வரிக் குதிரைதான். 1948-இல் அறிமுகமானபோது அதன் எஞ்சின் கொடுத்தது 9 குதிரைத்திறன். அதே சிவி இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உண்மையான குதிரையைக் குறிக்கும். நாட்டைப் பார்க்காமல் அந்த இரண்டு எழுத்தை மொழிபெயர்க்கவே கூடாது.

சீனக் குளிர்சாதனங்களில் ‘பீ’ என்று ஒரு அளவு வரும், எழுத்தளவில் அதுவும் குதிரையை எண்ணும் சொல்தான். ஆனால் ஒரு ‘பீ’ என்பது ஏறத்தாழ 2500 வாட் குளிரூட்டும் திறன். அதை 735-ஆல் பெருக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் கிலோவாட்டைத் தேடுங்கள். ஐரோப்பிய வாகனப் பதிவுத் தாளில் பி.2 என்ற கட்டத்தில் எஞ்சின் திறன் கிலோவாட்டிலேயே இருக்கும். எந்த மொழியில் அச்சிட்டிருந்தாலும் கட்டத்தின் எண் மாறாது.

7. வெப்ப அலகுகள்

இவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். பிடியூ என்பது பிரிட்டிஷ் வெப்ப அலகு. 1 கிலோவாட் என்பது 3412 பிடியூ/மணி, அல்லது 860 கிலோகலோரி/மணி. குளிர்சாதனத்தில் ஒரு ‘டன்’ என்பது 12,000 பிடியூ/மணி, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட். அது கருவியின் எடை இல்லை. பெட்டியில் மணிக்கு என்ற பகுதியை விட்டுவிட்டு வெறும் பிடியூ என்று அச்சிட்டிருப்பார்கள், மணிக்கு என்று சேர்த்தே படியுங்கள்.

8. திறனை மின்னழுத்தத்தோடு சேர்த்தே நம்புங்கள்

நேம்பிளேட்டில் உள்ள வாட், அதே நேம்பிளேட்டில் உள்ள வோல்ட்டில் மட்டுமே உண்மை. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230, சீனாவில் 220. சூடாக்கும் கருவிகளில் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 120 வோல்ட்டுக்குச் செய்த 1200 வாட் ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் செருகினால், அது 4400 வாட்டை இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் கருகும். 230 வோல்ட்டுக்குச் செய்த 2000 வாட் கெட்டிலை ஜப்பானில் செருகினால் 400 வாட்கூடத் தராது. கெட்டுப்போகாது, ஆனால் நீர் கொதிக்க நெடுநேரம் ஆகும்.

பின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. நேம்பிளேட்டில் உள்ள வோல்ட் அந்த நாட்டு மின்னழுத்தத்தோடு பொருந்தினால், அல்லது ‘100-240’ என்று இருந்தால் மட்டும் அடாப்டர் போதும்.

ஜப்பானில் இன்னொன்றும் பாருங்கள். கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. மோட்டார் உள்ள பழைய கருவிகளில் இது முக்கியம். இரண்டுக்கும் ஏற்றதா என்பது நேம்பிளேட்டிலேயே ‘50/60’ என்று இருக்கும்.

9. வாய்விட்டுக் கேட்க மூன்று வாக்கியங்கள்

நேம்பிளேட் தேய்ந்திருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். வணக்கம், எத்தனை வாட், எழுதிக் காட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். குறிப்பாகப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லாமல் கேள்வியில் தொடங்கினால் முரட்டுத்தனமாகப் படும், பதிலும் சுருக்கமாகத்தான் வரும்.

ஜெர்மன்: ‘கூட்டன் டாக். வீ ஃபீல் வாட் ஹாட் டாஸ்? கொனன் ஸீ டாஸ் பிட்டெ அவுஃப்ஷ்ரைபன்?’

பிரெஞ்சு: ‘போன்ஜூர். செ கோம்பியான் த வாட்? வூ பூவே லெக்ரீர், சில் வூ ப்ளே?’

ஸ்பானிஷ்: ‘புவேனோஸ் தியாஸ். தே குவாந்தோஸ் பாத்தியோஸ் எஸ்? மே லோ புவேதே எஸ்கிரிபிர், போர் ஃபவோர்?’

ஜப்பானியம்: ‘சுமிமாசென். நான் வாட்டோ தெஸ் கா? கைதே குதசாய்.’

சீனம்: ‘நீ ஹாவ். துவோஷாவ் வா? சிங் ஸியே ஸியாலாய்.’

வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்றினால் அடுத்த கேள்வி தயார். ஜெர்மனில் வாட் இருந்த இடத்தில் ‘வோல்ட்’, ஸ்பானிஷில் ‘போல்தியோஸ்’, ஜப்பானியத்தில் ‘போருத்தோ’, சீனத்தில் ‘ஃபூ’. குதிரைத்திறன் வேண்டுமானால் ஜப்பானியத்தில் ‘பரிகி’, சீனத்தில் ‘மாலீ’. தனித்தனி வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறவர்கள் இரண்டாம் கேள்வியில் தடுமாறுவார்கள். ஒரே சட்டகத்தில் சொல்லை மாற்றுகிறவர்கள் தடுமாறுவதில்லை.

எழுதித் தரச் சொல்வது எதற்காக? எண்களைக் காதால் பிடிப்பது மிகக் கடினம். ஜெர்மனில் 52 என்பதை ‘இரண்டும் ஐம்பதும்’ என்று சொல்வார்கள், அவசரத்தில் 25 என்று எழுதிவிடுவோம். பிரான்சில் 75 ‘அறுபது-பதினைந்து’, 90 ‘நான்கு-இருபது-பத்து’. தசமத்தையும் ‘புள்ளி’ என்று சொல்ல மாட்டார்கள். ஜெர்மன்காரர் ‘கொம்மா’ என்பார், பிரெஞ்சுக்காரர் ‘விர்க்யூல்’ என்பார். எழுத்துகளின் பெயரும் மாறும்: கேடபிள்யூ என்பது ஜெர்மனில் ‘கா-வே’, பிஎஸ் என்பது ‘பே-எஸ்’.

எழுதித் தந்த பிறகும் ஒரு கவனம். ஐரோப்பியக் கையெழுத்தில் 1-க்கு இடப்பக்கம் நீண்ட மேல்கோடு இருக்கும், நமக்கு அது 7 போலத் தெரியும். 7-க்கு அவர்கள் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவார்கள். குறுக்குக்கோடு இல்லையென்றால் பெரும்பாலும் 1.

10. ஒரு நேம்பிளேட்டை முழுதாகப் படிப்போம்

பயிற்சிக்காக நான் அமைத்த ஒரு ஜெர்மன் பம்பு நேம்பிளேட் இது. ‘ஷ்பானுங் 230 வி, 50 ஹெர்ட்ஸ், 5,0 ஏ; பி1 1,1 கேடபிள்யூ; பி2 0,75 கேடபிள்யூ.’

முதலில் சொல்: ஷ்பானுங் மின்னழுத்தம். பி1 உள்ளே, பி2 வெளியே. அடுத்து குறி: காற்புள்ளிகள் எல்லாம் தசமம், ஆகவே 5 ஆம்பியர், 1.1 கிலோவாட், 0.75 கிலோவாட். அலகில் எச் இல்லை, எனவே திறன்தான். 750-ஐ 735.5-ஆல் வகுத்தால் 1.02, அதாவது இது ஒரு ‘பிஎஸ்’ பம்பு. 230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1150 வோல்ட்-ஆம்பியர். 1100-ஐ 1150-ஆல் வகுத்தால் திறன் காரணி 0.96 அளவுக்கு வருகிறது. ஒன்றுக்கு மேல் வந்திருந்தால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அரை மணி நேரம் ஓடினால் செலவு 0.55 கிலோவாட்-மணி. ஒரு குதிரை பம்புதானே என்று 0.75-ஐ வைத்துக் கணக்குப் போட்டவருக்கு 0.375 வரும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதை ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் 1150 வோல்ட்-ஆம்பியர் தரும் ஜெனரேட்டர் போதாது. மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், அந்த எண் இந்த நேம்பிளேட்டில் இல்லை. கையேட்டில் தொடக்க மின்னோட்டம் என்ற வரியைத் தேடுங்கள். ஜெர்மனில் அது ‘அன்லாவுஃப்ஷ்ட்ரோம்’.